பஞ்சுத் துரைக்கு வாரிசு இல்லை

சார் பதிவாளர் அலுவலகத்துப் பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். சென்ற மாதம் எங்கள் பத்திரிகையின் இன்றைய அருப்புக்கோட்டை நிருபர் ஒரு பழைய குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தார். அதில் ‘அவருக்குச் சந்ததி இல்லை’ என்று ஒரு வரி. எப்படித் தெரியும் என்று தொலைபேசியில் கேட்டேன். “தேடிட்டேன் சார், ரெக்கார்டுல இல்ல” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முப்பத்திரண்டு வயதில் நானும் அதே வரியை எழுதினேன். அது அச்சில் வந்ததால் ஒருவருடைய மூன்று ஏக்கர் நிலம் கைவிட்டுப் போக இருந்தது.

நான் மதுரை அலுவலகத்தில் நாலு வருடம் பிழை திருத்தினேன். பிறகு அருப்புக்கோட்டைக்கு நிருபராக அனுப்பினார்கள். நூல் கடை ஒன்றின் மாடியில் எனக்கு அறை. கீழே தெரு முழுக்கத் தறிச் சத்தம். எழுதிய சேதியைக் கவரில் போட்டு, மாலை மதுரை பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அங்கே பஸ் நிலையத்தில் ஒருவர் வாங்கிக்கொள்வார். இருபத்தாறு வருடம் இப்படித்தான் நடந்தது.

கவரைப் பிரிப்பவர் செய்தி ஆசிரியர் நடராஜன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் தரம் கையில் ஒன்றும் இல்லாமல் படிப்பார். இரண்டாம் தரம் சிவப்புப் பென்சிலோடு படிப்பார். சந்தேகமான வரியின் ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதுவார். பதில் இல்லாவிட்டால் வரியை அடித்துவிடுவார். மாதம் ஒரு முறை மதுரைக்குப் போகும்போது அடித்த தாள்களை மொத்தமாகக் கையில் கொடுத்து, “பஸ்ஸுல படிச்சுட்டே போய்யா” என்பார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. ஒரே ஒரு விஷயத்தைத்தான் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்: “இருக்குன்னு எழுத ஒரு சாட்சி போதும். இல்லைன்னு எழுதினா, எங்கெல்லாம் தேடினேன்னு எனக்கு ஒரு பட்டியல் வேணும்.”

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அவர் எனக்கு ஒரு பெரிய உறை அனுப்பினார். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் அது. அவர் தன் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போகிறார். வம்ச மரத்தைப் பழுப்புத் தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். மரத்தின் அடியில் இருந்த முதல் பெயர், அமெரிக்காவே இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த நாளில் அங்கே நிலம் வைத்திருந்த ஒருவருடையது. அவரிலிருந்து கிளைகளாகப் பிள்ளைகள், பேரன்கள். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் மனைவியின் பெயர், நிலத்தின் அளவு, இறந்த ஊர். மற்றக் கிளைகள் எல்லாம் முழுதாக நிரப்பப்பட்டிருந்தன. ஒரு கிளையின் நுனியில் மட்டும் ‘ஜோசையா வெல்டன், இந்தியா’ என்று எழுதி, கீழே கேள்விக்குறி போட்டிருந்தார்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் நம் கரிசலில் நீள இழைப் பருத்தி விளைவிக்கச் சொல்லிக்கொடுப்பதற்காக அமெரிக்காவிலிருந்து சிலரைக் கூட்டி வந்தார்கள். பருத்தி சரியாக வரவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். வெல்டன் போகவில்லை. பரளச்சிப் பக்கம் நிலம் வாங்கி அங்கேயே இருந்து இறந்தார். ஊரில் அவருக்குப் பஞ்சுத் துரை என்று பெயர். ஆசிரியை கேட்டது மூன்று கேள்விகள். எப்போது இறந்தார்? எங்கே புதைத்தார்கள்? மனைவி, மக்கள் உண்டா?

தேடும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சார் பதிவாளர் அலுவலகத்தில் ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, ஊர்ப் பெயருக்கு ஓர் அட்டவணை. மனு எழுதிக் கட்டணம் கட்டினால் புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவருவார்கள். பேனாவை வெளியே எடுக்கக் கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்தான். பக்கத்தைக் கீழ் மூலையில் பிடித்துத் திருப்பக் கூடாது, மேல் ஓரத்தில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். கரையான் அரித்த இடத்தில் ஊகித்துப் படிக்கக் கூடாது, ‘சிதைவு’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் உட்கார்ந்தேன். துரை வாங்கிய நிலங்கள் கிடைத்தன. அவர் இறந்த மறு வருடம் அத்தனையும் ஏலத்துக்கு வந்து, அவரிடம் கணக்கு எழுதியவரே எடுத்திருந்தார். தாலுகா அலுவலகத்து நிலப் பதிவேடும் அதையே சொன்னது. தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இறந்த தேதியும், ‘மணமாகாதவர்’ என்ற குறிப்பும் இருந்தன. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயரில் குழந்தை ஏதும் இல்லை.

பத்தாம் நாள் பரளச்சிக்குப் போனேன். கணக்கரின் பேரன் சுந்தரம் நல்ல மரியாதைக்காரர். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

“துரைக்குப் பிள்ளை குட்டி உண்டா?”

“அவுகளா? ஒண்டிக்கட்டை சார். கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது எங்க தாத்தாதான்.”

கல்லறைக்கு வழி காட்டினார். மூன்று ஏக்கர் துண்டு ஒன்றின் மூலையில், வாகை மரத்தடியில் இருந்தது. சுற்றிலும் முள் வெட்டி, தரை பெருக்கியிருந்தது. ‘கல்லறை சுத்தமாக உள்ளது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். யார் பெருக்குகிறார்கள் என்று கேட்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

கட்டுரை போனதும் நடராஜன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“‘வாரிசு இல்லாமல் காலமானார்’னு எழுதியிருக்கே. எங்க தேடினே?”

“மூணு ஆபீஸ் பதிவேடும் பாத்துட்டேன் சார்.”

“ஊருல?”

“கேட்டேன் சார்.”

“சரி” என்றார். ஞாயிற்றுக்கிழமை மலரில், வம்ச மரத்தின் படத்தோடு, முழுப் பக்கம் வந்தது.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு காலை, அறுபதைத் தாண்டிய ஒருவரும் முப்பது வயதுப் பெண் ஒருத்தியும் என் மாடிப்படி ஏறி வந்தார்கள். அவர் பெயர் சோலையன். அவள் அவருடைய மகள் பேச்சி. கல்லறை இருக்கும் அந்த மூன்று ஏக்கரை உழுபவர்கள். சோலையன் மடியிலிருந்து மடித்த பத்திரிகைப் பக்கத்தை எடுத்து நீட்டினார்.

“ஐயா, இது நீங்க எழுதுனதுதானா?”

“ஆமாம்.”

“எங்க அய்யா பேரு கருப்பன். கருப்பனைப் பெத்தவ இருளாயி, துரை காட்டுல பருத்தி எடுத்தவ. பெத்தவரு துரை. இதுல துரைக்கு யாருமே இல்லைன்னு போட்டிருக்காமே. அப்ப நான் எங்கேருந்து வந்தேன்?”

“மழைக்கு முளைச்சோம்யா” என்றாள் பேச்சி. “பேப்பருல போட்டாச்சுல்ல.”

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்தில் பட்டா விசாரணை நடந்துகொண்டிருந்தது. மூன்று ஏக்கரைத் துரை இருளாயிக்கு வாய்ச்சொல்லாகக் கொடுத்தார் என்பது சோலையனின் வாதம். பத்திரம் கிடையாது. துரையின் நிலம் முழுவதும் ஏலத்தில் எங்களுக்கு வந்தது, சோலையன் குடும்பம் எங்கள் பண்ணையாட்கள், காவலுக்காக அந்தத் துண்டில் வைத்தோம் என்பது சுந்தரத்தின் வாதம். துரைக்கு வாரிசே இல்லை என்பதற்கு ஆதாரமாக என் கட்டுரையை மனுவோடு இணைத்திருந்தார். அடுத்த மாதம் தாசில்தார் திருச்சுழியில் முகாம் போட்டு விசாரிக்கப் போகிறார்.

நான் சோலையனின் முகத்தைப் பார்த்தேன். அதில் எதையோ தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நிறமோ கண்ணோ ஒன்றும் சொல்லவில்லை. கரிசல் வெயிலில் அறுபது வருடம் நின்ற எவருடைய முகமும் அப்படித்தான் இருக்கும்.

“எங்க ஊருக்கு வந்தீகளா?” என்று கேட்டாள் பேச்சி.

“வந்தேன்.”

“யாருகிட்டக் கேட்டீக?”

சோலையனை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“கணக்கர் வீட்டுல காபி குடிச்சிருப்பீக. ஓடையத் தாண்டி எங்க பக்கம் வந்திருந்தா, கூழு ஊத்தியிருப்போம்ல?”

“ஏ பேச்சி, விடு” என்றார் சோலையன். “படிச்சவுகளைப் போயி.”

காபி குடித்தது உண்மை. அன்று மாலையே மதுரைக்கு பஸ் ஏறினேன்.

நடராஜன் முழுவதையும் கேட்டார். “ஊருல கேட்டேன்னு சொன்னியே, எத்தனை வீடு?”

“ஒண்ணு.”

“யாருக்கு லாபமோ அந்த வீடு.”

“ஆமா சார்.”

திருத்தம் போட வேண்டும் என்றேன். “என்னன்னு போடுவே? பேரன்னு சோலையன் சொல்றாரு. அவருக்கும் நிலம் வேணும். நிலமும் வேண்டாம், சோலையனும் வேண்டாம்னு இருக்குற ஒரு ஆளைக் கண்டுபிடி. அதுவரைக்கும் எதையும் எழுதாதே” என்றார்.

இந்த முறை ஓடையைத் தாண்டிப் போனேன். பதினேழு வீடுகள். எல்லோரும் ‘துரை பேரன்தான்’ என்றார்கள். எல்லோரும் சோலையனுக்கு உறவு. கடைசி வீட்டில் ஒருவர், “குருவனைக் கேளுங்க. ஆனா சோலையனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது” என்றார். நான் தேடியது அப்படி ஒருவரைத்தான்.

எங்கள் பக்கத்தில் சாவைக் கேதம் என்பார்கள். ஒருவர் இறந்தால் உறவுக்காரர் ஊர்களுக்கு நடந்துபோய்க் கேதம் சொல்ல ஒரு குடும்பம் இருக்கும். பரளச்சியில் அது குருவனின் குடும்பம். வயதான பிறகு நரிக்குடிக்கு அருகே மகள் வீட்டில் இருந்தார். நான் போனபோது ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

“சோலையனா?” என்று முகத்தைத் திருப்பினார். “அவன் ஆடு எங்க தட்டாங்காய்க் கொடியை வேரோட தின்னுச்சு. பதினோரு வருசம் ஆச்சு. இன்னும் ஒரு வார்த்தை கேக்கலை.”

“ஆட்டைப் பத்திக் கேக்க வரலை. கேதம் சொல்றதுக்கு வரிசை உண்டாமே?”

உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “உண்டா இல்லையாவா? எங்க அய்யா வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்ததுய்யா. ஒரு வீடு மாறுனா அடிதடி ஆயிரும். பண்ணையாளு செத்தா மொத நடை முதலாளி வீட்டுக்கு. அவுக கோடித்துணி எடுத்துக் குடுப்பாக. பண்ணையாளு இல்லைன்னா மொத நடை தகப்பன் வழிக்கு. அப்புறந்தான் தாய்மாமன், சம்பந்தகாரவுக எல்லாம்.”

“சோலையனோட அப்பா கருப்பன் செத்தப்ப நீங்களா போனீங்க?”

“எனக்கு இருவது வயசு. நான்தான் போனேன்.”

“மொத நடை கணக்கர் வீட்டுக்கா?”

“அங்க எதுக்குய்யா? கருப்பன் யாருக்குப் பண்ணையாளு? தகப்பன் வழிக்குத்தான் போனேன்.”

“தகப்பன் வழியில யாரு இருந்தாங்க?”

“ஆளு ஏது? கல்லறைதான் இருக்கு. வாகை மரத்துக்கு இந்தப் பக்கமா தள்ளி நின்னு, ‘துரையே, உங்க மகன் கருப்பன் தவறிப் போனாரு, நாளைக்கு வெயிலுக்கு முன்னால எடுக்குறாக’ன்னு மூணு தரம் சொல்லணும். சொன்னேன். இருளாயிக்கு எங்க அய்யா போனாரு. ‘உங்க சம்சாரம்’னு சொன்னாராம். அதுக்கு முந்தி துரை செத்த அன்னைக்கு, எங்க தாத்தன் மொத நடை போனது இருளாயி குடிசைக்கு. கணக்கர் வீட்டுக்கு அடுத்தபடிதான்.”

குறிப்பேட்டில் எழுதி முடித்தேன். குருவன் சிரித்தார். “கேதம் சொன்னவனுக்குத் தகப்பன் வழியில குடுக்க வேண்டிய படி நெல்லை அந்தக் கல்லறையா குடுக்கும்? அதையும் கருப்பன் வீட்டுலேயே அளந்தாக. செத்தவுககிட்டக் கேதம் சொல்லி நெல்லு வாங்குனவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்யா.”

“இதை தாசில்தார் முன்னால சொல்வீங்களா?”

“சோலையனுக்காக வர மாட்டேன். வரிசை என்னன்னு கேட்டாச் சொல்வேன்.”

சாட்சி சேர்ப்பது நிருபரின் வேலை இல்லை. குருவன் சொன்னதைப் பேச்சியிடம் சொன்னேன், அவ்வளவுதான். “எங்க அய்யா அவரு வாசலை மிதிக்க மாட்டாரு. நான் போறேன்” என்றாள். தட்டாங்கொடிக்காக மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

திருத்தத்தை எழுதி அனுப்பினேன். ‘துரைக்கு வாரிசு இல்லை என்று எழுதியது தவறு. பார்த்த பதிவேடுகளில் வாரிசு பற்றிய குறிப்பு இல்லை என்பதே சரி. அவருக்கு ஒரு மகன் இருந்ததாக ஊரில் உறவில்லாத ஒருவரும் சொல்கிறார்.’ அச்சில் வந்தபோது நான் எழுதாத ஒரு வாக்கியம் கடைசியில் இருந்தது. ‘முதல் கட்டுரைக்காக ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டுமே விசாரிக்கப்பட்டது.’ என் பெயர் கட்டுரையில் இருந்தது போலவே திருத்தத்திலும் இருந்தது.

திருச்சுழியில் ஒரு சத்திரத்தின் கூடத்தில் விசாரணை. தாசில்தார் என் கட்டுரையையும் திருத்தத்தையும் ஒரே குண்டூசியில் குத்தி மேசைமேல் வைத்திருந்தார். சேதி எடுக்க வந்தவனாகச் சுவரோரம் நின்றேன். சுந்தரத்தின் வக்கீல் என்னைப் பார்த்து, “எந்தப் பக்கத்தை நம்புறது சார், முன்பக்கமா பின்பக்கமா?” என்றார். கூடத்தில் சிரித்தார்கள்.

குருவன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையைச் சொன்னார். சோலையன் இருந்த பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

“இதுக்கெல்லாம் எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் வக்கீல்.

“எழுத்து இருந்தா நான் எதுக்கு நடக்கப் போறேன்? தபாலு போட்டிருக்க மாட்டாக?”

தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுந்தரத்திடம் கேட்டார். “உங்க பண்ணையாள் செத்தா உங்க வீட்டுக்குத்தானே முதல்ல சொல்லணும்?”

“ஆமாங்க.”

“கருப்பன் செத்தப்ப சொன்னாங்களா?”

சுந்தரம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. “எங்க வீட்டுல அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லைங்க” என்றார்.

“கோடித்துணி?”

“இல்லைங்க.”

“அந்த மூணு ஏக்கருலேருந்து என்னைக்காவது விளைச்சல்ல வாரப் பங்கு அளந்திருக்காங்களா?”

சுந்தரம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். தாசில்தார் மறுபடி எழுதத் தொடங்கினார்.

கட்டுரை வந்தபோதே கல்லறைப் படத்தோடு அமெரிக்க ஆசிரியைக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். தீர்ப்பு வருவதற்குள் இரண்டாவது கடிதம் எழுதினேன். இருளாயி, கருப்பன், சோலையன், பேச்சி என்று நாலு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி, யார் சொன்னது, எங்கே எழுத்து இல்லை என்பதையும் விவரித்தேன். இரண்டு மாதம் கழித்து ஆசிரியையின் பதில் வந்தது. கல்லறைப் படத்துக்கு நன்றி சொல்லியிருந்தார். மழை பெய்ததா என்று விசாரித்திருந்தார். அந்த நாலு பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புத்தகம் வந்ததா, கேள்விக்குறி இருந்த இடத்தில் என்ன அச்சானது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாசி மாதம் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. பேச்சி சொல்லி அனுப்பியதால் போனேன். சோலையன் காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மடியில் இருந்த பருத்தியைத் தரையில் கொட்டிவிட்டு, உறையைக் கொடுத்தார்.

“பூராவும் படிங்க. ஒரு எழுத்தும் விடாதீக.”

படித்தேன். மூன்று ஏக்கரும் மூன்று தலைமுறையாகச் சோலையன் குடும்பத்தின் சொந்த அனுபவத்தில் இருந்தது. அவர்கள் யாருக்கும் பண்ணையாட்களாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பட்டா சோலையன் பெயருக்கு வழங்கப்படுகிறது. வெல்டனுக்கும் சோலையனுக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த விசாரணையில் முடிவு சொல்லத் தேவை எழவில்லை.

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சோலையன் அசையவில்லை.

“நிலம் எங்களுக்குத்தானே?”

“உங்களுக்குத்தான். இனி யாரும் கேக்க முடியாது.”

“கடைசியா என்னமோ சொன்னீகளே, அதை இன்னொரு தரம் படிங்க.”

படித்தேன்.

“அப்படின்னா, அவரு எங்க தாத்தான்னு எழுதியிருக்கா?”

“எழுதலை.”

“தாத்தா இல்லைன்னு எழுதியிருக்கா?”

“அதுவும் எழுதலை.”

உறையை வாங்கி இரண்டாக மடித்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“சரி. சர்க்காரே எழுதலை. இல்லைன்னு எழுதுனது நீங்க ஒருத்தர்தான் ஐயா.”